பெட்டிக்குள் மடங்கும் படகு: எதைப் பார்த்து வாங்குவது?

ஊர் சுற்றப் போகும்போது கூடவே கொண்டுபோக ஒரு காற்றடைக்கும் கயாக் வாங்கலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். அடுத்து அவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இருப்பதிலேயே நல்ல படகு எது?" கோளாறு அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. தண்ணீரில் நன்றாக ஓடும் படகு வேறு, பயணத்துக்கு உதவும் படகு வேறு. கடைக்காரர் காட்டுவது முதல் வகை. வாங்குபவருக்கு வேண்டியது இரண்டாம் வகை. விடுமுறையில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் துடுப்புப் போடுகிறவர், அதே படகை ரயில் படிக்கட்டில் ஏற்றி, விடுதி மாடிக்குத் தூக்கி, காயவைத்து, மடித்து, மறுபடி பெட்டியில் திணித்து என்று மிச்ச நேரமெல்லாம் அதற்குக் கூலியாள் வேலை பார்க்கிறார். இந்த மிச்ச நேரத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இருக்காது.

பயணத்துக்கான படகு என்ற யோசனையே ரயிலில் பிறந்ததுதான். 1905ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர் மூங்கில் சட்டத்தின் மேல் துணி போர்த்தி ஒரு மடக்குப் படகு செய்து, இஸார் ஆற்றில் பாட் டோல்ஸிலிருந்து மியூனிக் வரைக்கும் வந்தார். இரண்டு வருடம் கழித்து ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரரான யோஹான் க்ளெப்பர் அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கினார். கார் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம். படகை மடித்து மூட்டையாகக் கட்டி, ரயிலில் மலையடிவாரத்துக்குப் போய் இறங்கி, ஆற்றோடு ஊர் திரும்பலாம் என்றதும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். (ஒரு மாணவர் கண்டுபிடித்ததில் தையல்காரர் பெரிய ஆளானார். உரிமையை விற்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்!) நம் ஊர்ப் பரிசலும் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரம் மேலே நடந்து போகிற படகுதான். ஆக, ஒரு ஆள் சுமக்க முடிவதுதான் இந்தப் படகுகளின் முதல் தகுதி. வேகம், சொகுசு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

எடை விஷயத்துக்கு வருவோம். சீ ஈகிள் 330 என்ற பழைய மாடல் சுமார் 12 கிலோ. அட்வான்ஸ்டு எலிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஒற்றை ஆள் அட்வான்ஸ்டு ஃப்ரேம் சுமார் 16 கிலோ. படிக்கும்போது நாலு கிலோ வித்தியாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் படகு தனியாகப் பயணம் செய்வதில்லையே! பம்ப் ஒன்றரை இரண்டு கிலோ, துடுப்பு ஒரு கிலோ, லைஃப் ஜாக்கெட், இருக்கை, பின்புறம் மாட்டும் துடுப்புச் செதில், நனையாத பை, பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் கூடவே வரும். சர்வதேச விமானங்கள் பலவற்றில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரைதான். 16 கிலோ படகோடு இவற்றைச் சேர்த்தால் அந்த எல்லை முட்டுகிறது. இந்திய உள்நாட்டு விமானங்களில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோ, படகுக்கே போதாது. மேலும் அது காய்ந்த படகின் எடை. அவசரத்தில் பாதி ஈரத்தோடு மடித்த படகு ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே தராசில் ஏறும்.

துடுப்பும் ஒரு வில்லங்கம். காற்றடைக்கும் கயாக் அகலமானது. அதனால் 220 முதல் 240 சென்டிமீட்டர் வரை நீளமான துடுப்பு தேவை. இரண்டாகப் பிரியும் சாதாரணத் துடுப்பில் ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், எந்தச் சூட்கேசிலும் நுழையாது. நான்காகப் பிரியும் துடுப்பென்றால் ஒரு துண்டு 60 சென்டிமீட்டர் அளவில் முடிந்துவிடும். பெட்டியோடு இலவசமாக வரும் அலுமினியத் துடுப்பைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்கள் இதை விமான நிலையத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மின்சாரப் பம்ப் ஆசை சிலருக்கு உண்டு. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுகிற பம்ப், ரயிலில் வந்து இறங்கியவருக்குக் கல்லுக்குச் சமானம். பேட்டரியோடு வருகிற பம்பென்றால், தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். ரப்பர் ஒட்டும் பசை எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்கும் இடமில்லை. தானாக ஒட்டும் பட்டை எடுத்துப் போவதுதான் வழி. அதிலும் பி.வி.சி.க்கு ஒன்று, ரப்பருக்கும் துணிக்கும் வேறொன்று என்று இரண்டு ரகம் உண்டு. மாற்றி வாங்கினால் ஒட்டாது. வாசலுக்கு வாசல் பஞ்சர் கடை இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். நார்வே கடலோரக் கிராமத்தில் நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

சரி, பணம். வணிகவியல் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்ற வேண்டிய கேள்வி, "வாங்கவேண்டுமா?" என்பதே. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகும் துணைச் சாமான்களும் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக் கயாக் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இருபது நாள் துடுப்புப் போட்டால்தான் இரண்டும் சமம். இதில் விமானத்தின் கூடுதல் பெட்டிக் கட்டணம் சேரவில்லை, தேய்மானம் சேரவில்லை. பி.வி.சி. வெயிலில் கிடந்தாலும் கெடும், ஈரத்தோடு அலமாரியில் கிடந்தாலும் கெடும். பயன்படுத்தாவிட்டாலும் வயதாகிற சொத்து அது. வருடத்துக்கு நாலு நாள் விடுமுறை கிடைக்கிறவருக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் லாபக் கணக்கு ஆரம்பிக்கும், அதுவரைக்கும் படகு உயிரோடிருந்தால். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே வாங்கி, பிறகு "இவ்வளவு காசு கொடுத்தாச்சே" என்று வேண்டாத ஊருக்கெல்லாம் அதைத் தூக்கிச் சுமக்கிறவர்கள் உண்டு. இதற்குப் பாடப்புத்தகத்தில் மூழ்கிய செலவு என்று பெயர். படகைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயர் கொஞ்சம் அபசகுனம்தான்.

வாடகைக் கடை இருக்கிற ஏரிக்கு மட்டுமே போகிறவர் சொந்தப் படகு வாங்குவது வீண். சொந்தப் படகுக்கு உண்மையான நியாயம், கடை இல்லாத தண்ணீரில்தான். பேருந்து நிற்கிற பாலத்தடியில் இறங்கி, நாற்பது கிலோமீட்டர் கீழே இன்னொரு பேருந்து நிற்கிற ஊரில் கரையேறுவது. வாடகைப் படகைக் கிளம்பிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். சொந்தப் படகை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கிருந்தும் வீடு திரும்பலாம். இந்த ஒரு வழிப் பயணம் வேண்டும் என்பவர் தைரியமாக வாங்கலாம்.

இனி எதை வாங்குவது? இப்போது சந்தையில் பெரிய மோகம் 'டிராப் ஸ்டிச்' படகுகள் மேல். இரண்டு தாள்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நூல்களைக் கோத்து நெய்வார்கள். அதனால் எவ்வளவு காற்றடித்தாலும் அது பலூன் மாதிரி உப்பாமல் பலகை மாதிரித் தட்டையாக நிற்கும். புதிய சரக்கும் அல்ல, 1956ல் குட்இயர் நிறுவனம் இந்த வகைத் துணியில் காற்றடைக்கும் விமானமே செய்து பறக்கவிட்டது! சாதாரணக் குழாய்ப் படகில் காற்றழுத்தம் 1 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை. டிராப் ஸ்டிச்சில் 8, 10 என்று போகும். படகு விறைப்பாக நிற்கும், வேகமாகப் போகும், நேராகப் போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் துணி தடிமனானது, சுலபமாக மடியாது, மூட்டை பெரிதாகும். காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. முதுகில் சுமக்கிறவர், மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்காக ஐந்து கிலோ கூடுதல் சுமக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். தரை மட்டும் டிராப் ஸ்டிச், பக்கவாட்டில் சாதாரணக் குழாய் என்று வருகிற கலப்பு மாடல்கள் ஒரு நியாயமான சமரசம்.

இன்னொரு கோடியில் பேக்ராஃப்ட். இரண்டு முதல் நான்கு கிலோ எடையில் முதுகுப்பைக்குள் போய்விடும். அலாஸ்காவில் ஷெரி டிங்கே என்ற பெண்மணி தொடங்கிய அல்பாக்கா நிறுவனம்தான் இதைப் பரவலாக்கியது. மலை ஏறி இறங்கி ஆறு கடக்கிறவர்களுக்கு அருமையான சாமான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு காற்றறைதான். குட்டை வடிவம் என்பதால் அமைதியான ஏரியில் ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே போகும். பெரிய ஏரி, கடல் என்று கனவு காண்பவர் இதை வாங்கி ஏமாறக்கூடாது.

பொருள் விஷயத்தில் மூன்று பெயர்கள் காதில் விழும். மலிவானது பி.வி.சி. செக் நாட்டின் குமோடெக்ஸ் நிறுவனம் துணியின் மேல் ரப்பர் பூசிய நைட்ரிலான் என்ற பொருளில் செய்கிறது. நன்றாக மடியும், உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி. ஹைபலான் என்று இன்றும் சிலர் பேசுவார்கள். டூபான்ட் நிறுவனம் 2010லேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது, இப்போது அந்தப் பெயரைச் சொல்லி விற்பது வேறு நிறுவனங்கள் செய்கிற அதே வகை ரப்பர்.

பொருளை எதற்கு இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், காயவைப்பதற்காக. பயணப் படகின் மிகப்பெரிய தொல்லை இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். சில படகுகளில் காற்றுப்பைகளின் மேல் ஒரு நைலான் உறை இருக்கும். பார்க்க அழகு, முள்ளுக்கும் பாறைக்கும் பாதுகாப்பு. ஆனால் உறைக்கும் பைக்கும் இடையே தண்ணீரும் மணலும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே துடைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து இரண்டு நாள் கழித்துத் திறந்தால் வாடையிலேயே தெரிந்துவிடும். காலை பத்து மணிக்கு விடுதி அறையைக் காலி செய்ய வேண்டிய பயணிக்கு உறைப் படகு ஒரு தண்டனை. உறையில்லாத படகை ஒரு பழைய துண்டால் துடைத்து அரை மணி வெயிலில் போட்டால் போதும். (நம் கடலோரத்தில் கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். படகு என்றால் காயவைக்க வேண்டும் என்பது புதிய ஞானம் இல்லை.)

இது வாடையோடு முடிகிற விஷயமும் இல்லை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் 2004ல் டிடிமோ என்ற நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றங்கல் முழுக்கச் சளி மாதிரி படர்கிற சனியன் அது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அதனால்தான் அங்கே ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, காயவைக்கச் சொல்கிறார்கள். தண்ணீரில் புழங்கிய சாமான்களை விமான நிலையத்திலேயே அறிவிக்கவும் வேண்டும். உல்லாசத்துக்காக வந்த ஒருவரின் ஈரப் படகு, அந்த ஊர்க்காரர்களின் ஆற்றைக் கெடுத்துவிட்டுப் போகலாம். ஆறு நம்முடையது இல்லை என்பதால் அலட்சியம் செய்வது மகா அநியாயம்.

இப்போது காற்று. உள்ளே அடிக்கிற காற்றும் வெளியே அடிக்கிற காற்றும்.

உள்ளே: காலைக் குளிரில் முழு அழுத்தத்துக்கு ஊதிய படகை மதிய வெயிலில் மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்காற்று சூடாகி இணைப்பு பிரிந்துவிடலாம். மாறாக, சூடான கரையில் ஊதிய படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தொளதொளவென்று ஆகும். ஊதி, ஐந்து நிமிடம் தண்ணீரில் விட்டு, மறுபடி ஊத வேண்டும். அழுத்தமானி கட்டாயம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்கு" என்பதெல்லாம் சைக்கிளுக்கு மட்டும்.

வெளியே: இதில்தான் உயிர் போகிறது. காற்றடைத்த கயாக் தண்ணீருக்குள் அமிழ்வதில்லை, மேலே மிதக்கிறது. பக்கச் சுவர் உயரம். ஆக, காற்றுக்கு அது ஒரு பாய்மரம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் மிக மோசம், ஏனென்றால் அது ஆபத்தாகத் தெரியாது. பின்னால் மேடும் மரங்களும் மறைப்பதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நூறு மீட்டர் தள்ளிப் போனதும் மறைப்பு தீர்ந்து காற்று பிடித்துக்கொள்ளும். நிதானமாகத் துடுப்புப் போடும் ஒருவர் இந்தப் படகில் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று அதில் மூன்றைத் தின்றுவிட்டால் கரை நகரவே நகராது, கை மட்டும் ஓயும். பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள் என்று கோடைதோறும் கரடியாய்க் கத்துவது இதனால்தான். அவர்கள் முக்கியமாகச் சொல்வது நீச்சல்குளப் பொம்மைகளை. ஆனால் கடைசி விலைக் கயாக்குகளில் சில, பெயரில் மட்டும்தான் அவற்றிலிருந்து வேறுபடுகின்றன.

ஆகவே விலையை எங்கே குறைத்தாலும் மூன்று இடத்தில் குறைக்கக்கூடாது. குறைந்தது மூன்று தனித்தனிக் காற்றறைகள். ஒன்று கிழிந்தாலும் மற்றவை கரை சேர்க்கும். படகை நேராக வைக்கும் செதில். பிறகு உடம்புக்கு அளவான லைஃப் ஜாக்கெட். வாயு உருளையால் உப்புகிற ஜாக்கெட் சிறிதாக மடியும் என்று ஆசைப்பட்டால், அந்த உருளைக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். நுரை அடைத்த சாதாரண ஜாக்கெட் இடத்தை அடைத்தாலும் கேள்வி கேட்பாரில்லை. கடலிலும் பெரிய ஏரியிலும் படகோடு ஒரு கயிறால் தன்னைப் பிணைத்துக்கொள்வது நல்லது, கவிழ்ந்தால் காலிப் படகைக் காற்று இழுத்துப் போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. ஓடும் ஆற்றில் இதே கயிறு எமன். மரத்திலோ பாறையிலோ சிக்கித் தண்ணீருக்குள் பிடித்து வைத்துவிடும். இடத்துக்கு இடம் விதி மாறுகிறது, பெட்டியில் அச்சடித்த குறிப்பு இதையெல்லாம் சொல்வதில்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் இன்னொரு விஷயம், தாங்கும் எடை. இரண்டு பேர், 180 கிலோ என்று போட்டிருக்கும். அது மூழ்காமல் மிதக்கும் எல்லை. சுகமாகத் துடுப்புப் போடும் எல்லை அதற்கு வெகு கீழே. முழு எடையை ஏற்றினால் பின்னால் இருப்பவரின் முழங்கால் முன்னால் இருப்பவரின் முதுகில் இடிக்க, படகு நடுவில் வளைந்து வாழைப்பழம் மாதிரி போகும். இரட்டைப் படகை ஒருவர் சாமான்களோடு பயன்படுத்துவது நல்ல ஏற்பாடு. ஒற்றைப் படகில் இரண்டு வார மூட்டையை ஏற்றுவது அப்படியல்ல.

இவ்வளவு சொன்னால், "அலெய்ன் பொம்பார் 1952ல் காற்றடைத்த ஸோடியாக் படகில் அட்லாண்டிக்கையே தாண்டினாரே, ஹான்னஸ் லிண்டமன் 1956ல் மடக்குக் கயாக்கில் 72 நாளில் தாண்டினாரே" என்று யாராவது கிளம்புவார்கள். தாண்டினார்கள். இருவரும் மருத்துவர்கள், மனிதன் எவ்வளவு தாங்குவான் என்று தன் உடம்பில் சோதித்துப் பார்க்கப் போனவர்கள். அவர்கள் கதையைக் காட்டிப் படகு வாங்குவது, கின்னஸ் சாதனையைப் பார்த்துச் சாப்பாட்டு அளவை முடிவு செய்கிற மாதிரி.

பார்க்க வேண்டியவர் ஆட்ரி சதர்லண்ட். ஹவாயில் நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். மோலோக்காய் தீவின் வடகரையை முதலில் சாமான் மூட்டையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நீந்தியே பார்த்தார். பிறகு ஒரு சின்னக் காற்றடைக்கும் படகுக்கு மாறினார். அறுபதை ஒட்டிய வயதில் அலாஸ்காவின் கெட்சிக்கனிலிருந்து ஸ்காக்வே வரை, 850 மைல், 85 நாள், தன்னந்தனியாக, காற்றடைத்த கயாக்கில். வகுத்துப் பார்த்தால் நாளுக்குப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். கெட்டிப் படகில் போகிற ஒரு வாலிபர் அரை நாளில் முடித்துவிடும் தூரம். அதற்குப் பிறகும் கோடைக்குக் கோடை போய், அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலுமாக 8,000 மைல்களுக்கு மேல் துடுப்புப் போட்டார். ஹவாயிலிருந்து அலாஸ்காவுக்குக் கெட்டிக் கயாக்கைக் கொண்டுபோவதாக இருந்தால், அதற்குச் சரக்குக் கூலி தேடுவதிலேயே பாதிக் கோடை போயிருக்கும்.

2015ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் அவர் காலமானார். அந்த முதல் அலாஸ்காப் பயணத்தைப் பற்றிய 'பேட்லிங் நார்த்' 2012ல் புத்தகமாக வந்தது. 40,000 ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன்னால் அதை ஒரு முறை படித்துவிடலாம். நூலகத்தில் கிடைத்தால் செலவும் மிச்சம்.